கேமராவுக்கு மதுரை தெரியாது

அழகர் மலைக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. தங்கை மகன் ஸ்டுடியோவுக்குள் வந்து, ஒன்றும் பேசாமல், கேமராவை மேசைமேல் வைத்துத் திரையை என் பக்கம் திருப்பினான். தவணைக்கு வாங்கிய கேமரா. நாலு தவணைதான் கட்டியிருக்கிறான். சித்திரைத் திருவிழாவை எடுக்கவேண்டும் என்பதற்காகவே அவசர அவசரமாக வாங்கியது.

"இதப் பாருங்க மாமா. இது தங்கக் குதிர."

பார்த்தேன். குதிரை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ எரிந்துகொண்டிருந்தது. தங்கமும் இல்லை, மாலையும் இல்லை, அழகர் உடுத்தியிருந்த பட்டின் நிறமும் தெரியவில்லை. என்ன நிறப் பட்டு கட்டி ஆற்றில் இறங்குகிறார் என்பதை வைத்து அந்த வருஷத்து மழைக்கும் விளைச்சலுக்கும் கணக்குப் போடுகிற ஊர் இது. இவன் படத்தை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது.

"அடுத்தது பாருங்க. இது அம்மாச்சி."

அவன் அம்மாச்சி என்றால் என் அம்மா. சுண்ணாம்பு அடித்த சுவரோரம் நின்று, சொம்பு நிறையச் சர்க்கரை வைத்து, மேலே சூடம் ஏற்றிக் கையில் ஏந்தியிருக்கிறாள். சுவர் நன்றாக விழுந்திருக்கிறது. சொம்பு மின்னுகிறது. சூடம்கூட எரிகிறது. அம்மாவின் முகம் இருந்த இடத்தில் அடுப்புக்கரியால் தீற்றியதுபோல ஒரு கறுப்பு.

"தங்கம் வெள்ளையாப் போச்சு, அம்மாச்சி கரியாப் போச்சு. ஒரே கேமராதான மாமா? பழுதா இருக்குமோ? திருப்பிக் குடுத்துருவமா?"

கேமராவில் ஒரு பழுதும் இல்லை. இதை நின்றபடி சொல்லிவிட முடியாது. ஸ்டுடியோவைப் பையனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, எதிர்ச் சந்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

மாஸ்டரிடம் இரண்டு டீ சொன்னேன். எனக்கு ஸ்ட்ராங். இவனுக்கு லைட். பக்கத்தில் ஒருவர் மீடியம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று கிளாசும் பெஞ்சில் வரிசையாக இருந்தபோது ஆரம்பித்தேன்.

"மாப்ள, உன் கேமராவுக்குள்ள ஒரு மீட்டர் இருக்கு. அது ஒரு டீ மாஸ்டர்னு வச்சுக்க. ஆனா அவருக்கு மீடியம் மட்டும்தான் போடத் தெரியும். நீ என்ன கேட்டாலும் மீடியம்தான் வரும்."

கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது தங்கமா, சுண்ணாம்பா, கிழவியா என்று பார்ப்பதில்லை. எதிரில் இருப்பதிலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பதை மட்டும் அளக்கும். அளந்துவிட்டு, உலகத்தில் எல்லாவற்றையும் சராசரியாகக் கலக்கினால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம்தான் வரும் என்று நம்பும். விழுகிற ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல். அந்தச் சாம்பல் நிறத்தில் அட்டையே விற்பார்கள். எந்தக் காட்சியைக் காட்டினாலும் மீட்டர் அதை அந்த அட்டைக்கு இழுத்துக்கொண்டு வரப் பார்க்கும்.

அழகர் இறங்கும்போது இன்னும் முழுதாக விடிந்திருக்காது. வானம் இருட்டு, ஆறு இருட்டு, லட்சக்கணக்கான தலைகள் இருட்டு. நடுவில் விளக்கு வெளிச்சத்தில் குதிரை மட்டும் ஜொலிக்கும். மீட்டர் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது: ஐயோ, இவ்வளவு கறுப்பா, டிகாஷன் தூக்கலாக இருக்கிறதே என்று பாலை ஊற்றுகிறது. இருட்டு சாம்பலாகிறது, ஏற்கெனவே ஜொலித்த குதிரை வெந்து வெள்ளையாகிறது. அம்மா நின்ற இடத்தில் கதை தலைகீழ். பின்னால் முழுக்கச் சுண்ணாம்புச் சுவர், காலை வெயில். பால் ரொம்ப இருக்கிறதே என்று டிகாஷனை ஊற்றிவிட்டது. சுவர் ஓரளவு பிழைத்தது. முகம் போயிற்று.

"அப்ப அதுகிட்ட எப்புடிச் சொல்றது?"

கேமராவின் மேல் ஒரு பொத்தான் உண்டு, கூட்டல் கழித்தல் போட்டு. குதிரைக்கு ஒன்றரை கழி. அம்மாவுக்கு ஒன்று கூட்டு, போதாவிட்டால் ஒன்றரை. அவ்வளவுதான். முப்பது வருஷத் தொழிலில் பாதி இந்தப் பொத்தானில் அடங்கிவிடும் என்று சொன்னால் அவனுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னேன். அவன் படங்களில் சிலவற்றில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் ஓடியிருந்தது. அது விளக்கின் வேலை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதில் எரியும் மலிவு விளக்குகள் நொடிக்கு 100 தரம் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஷட்டரை நூறில் ஒரு பங்குக்கு இறக்கினால் பட்டை மறையும். ஆனால் குதிரை ஆடி ஆடித்தானே வருகிறது, படம் கலங்காதா என்றான். கலங்கும். அதனால்தான் ஆடி முடிந்து, திரும்புவதற்கு முன்னால் ஒரு மூச்சு நிற்கிறதே, அந்த நேரத்துக்குக் காத்திருக்கவேண்டும். அது எங்கே நிற்கும் என்பது எந்தக் கேமராப் புத்தகத்திலும் இருக்காது. நாலு வருஷம் கோரிப்பாளையத்துப் பக்கம் ராத்திரி முழுக்க முழித்துக் கிடந்தால் தெரியும். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும். ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி விரதமிருந்து வருகிறவர்கள் அழகருக்கு அடிக்கிற தண்ணீரில் முதலில் நனைவது நம் லென்ஸ்தான். வைகை அணையிலிருந்து திருவிழாவுக்கென்று திறந்துவிடுகிற தண்ணீர் ஆற்றில் கணுக்கால் அளவு ஓடினாலும், படமெடுக்கிறவன் இடுப்பு வரை நனைந்துதான் வீட்டுக்குப் போவான்.

"இந்தக் கூட்டல் கழித்தல்லாம் எந்த நேரத்துல மாமா பாக்குறது? கூட்டம் நெருக்குதுல்ல?"

"கைய நீட்டு," என்றேன்.

நீட்டினான். புறங்கையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கறுப்பு. திருப்பச் சொன்னேன். பிறகு மாஸ்டரையும் கையை நீட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே நீட்டினார். பால் பாத்திரத்துச் சூட்டில் சிவந்த உள்ளங்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அதுதான் விஷயம். புறங்கையில் ஊரில் நூறு நிறம் உண்டு; உள்ளங்கை ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்று. அந்தச் சாம்பல் அட்டையைவிட ஒரு மடங்கு வெளுப்பு. யாரை எடுக்கவேண்டுமோ அவர்மேல் விழுகிற அதே வெளிச்சத்தில் உன் உள்ளங்கையைப் பிடித்து, அதை அளந்து, ஒரு படி கூட்டிக்கொண்டால் முகம் முகமாக விழும். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் அட்டையை எல்லாம் நம்பியதில்லை. தனக்குக் கடவுள் கொடுத்த அட்டை இது, தொலையாது என்பார்.

இந்தப் பாடத்தை நான் கற்றது அவரிடமிருந்து என்று சொல்லிக்கொண்டாலும், உறைத்தது வேறோர் இடத்தில். அதையும் மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

1994 தை முகூர்த்தம். தனியாக நான் ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஒரு ரோலுக்கு 36 படம், மொத்தம் நாலு ரோல். கையில் இரவல் வாங்கிய ஆட்டோ பிளாஷ். அந்தப் பிளாஷின் முகப்பில் சின்னதாக ஒரு கண் இருக்கும். போன வெளிச்சம் திரும்பி வருவதை அது பார்த்துக்கொண்டே இருந்து, போதும் என்று தோன்றியதும் பிளாஷை அணைத்துவிடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். மாப்பிள்ளைப் பையன் வயலில் நின்று கறுத்த பிள்ளை. நல்ல களையான முகம். பளீரென்று வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெண்ணுக்கு முகத்தில் அரை இஞ்சுப் பவுடர். பிளாஷின் கண்ணில் பட்டதெல்லாம் வேட்டியும் பவுடரும்தான். போதும் போதும் என்று நாலு ரோலிலும் சீக்கிரமே அணைந்திருக்கிறது.

மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டு ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தாலி கட்டு, மாலை மாற்று, சீர் வரிசை, பந்தி. கடைசி வரை போனார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"தம்பி, வேட்டி நல்லா விழுந்துருக்கு. எம் மகன் எங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. தேடிவிட்டுச் சொன்னார். பேசிய காசைக் குறைக்காமல் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். பஸ் ஏறி மேலூர் வந்து சேரும்வரை அந்தக் காசு சட்டைப் பையில் கனத்தது.

குற்றம் என்னுடையதுதான். ஆனால் முழுக்க என்னுடையது இல்லை என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரியவந்தது. அப்போது நாங்கள் வாங்கிய கலர் பிலிமே நம்மை மனதில் வைத்துச் செய்ததில்லை. கோடாக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். ஷெர்லி அட்டை என்று பெயர். முதலில் அப்படி உட்கார்ந்த பெண்ணின் பெயராம். அவள் முகம் சரியாக விழுந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு, பழுப்பு எல்லாம் எப்படி விழுந்தால் என்ன? பழுப்பு நிறங்கள் தெளிவாக விழவில்லை என்று உறைக்கும்படி அவர்களிடம் முறையிட்டவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் விளம்பரம் எடுத்தவர்களும், மரச்சாமான் விற்றவர்களும். கறுத்த சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, கறுத்த மரத்துக்கும் வெளுத்த மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று. அங்கே வேலை பார்த்தவர்களே பின்னால் இதைச் சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் முகத்துக்கு ஆகாத காரியம் சாக்லேட்டுக்காக ஆயிற்று.

"நெசமாவா?" என்றான் மாப்பிள்ளை. மாஸ்டரும் ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஒரு நொடி நிறுத்தினார்.

நிஜம்தான். ஆனால் நம் கதையையும் சொல்லவேண்டும். டிஜிட்டல் வந்தது, கறுத்த முகம் கறுத்த முகமாகவே, கண்ணின் ஈரம் வரைக்கும் துல்லியமாக விழுகிற காலம் வந்தது. வந்ததும் நாங்கள் என்ன செய்தோம்? கம்ப்யூட்டரில் போட்டு வெளுத்தோம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கெடா வெட்டு எதுவானாலும் பிளெக்ஸ் போர்டு வைக்கிற ஊர் மதுரை. அதில் இருக்கிற முகங்களைப் பார்த்தால் எல்லாரும் மாவு மில்லில் வேலை பார்த்துவிட்டு நேராக வந்ததுபோல இருக்கும். அதில் பாதி என் கையால் ஆனது. "கொஞ்சம் கலராக் குடுங்கண்ணே" என்பார்கள். கொடுத்தேன். ஒரு முகத்துக்கு இருபது ரூபாய் கூடுதல். காசு வாங்கிக்கொண்டு, தப்பு என்றும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் முடிகிற காரியம்தான்.

"போன்ல எடுத்தா அம்மாச்சி நல்லாத்தான மாமா வருது?"

நல்ல கேள்வி. போன் ஒரு படம் எடுப்பதில்லை. நீ ஒரு தரம் தட்டினால் அது பல படங்களைக் கூட்டியும் குறைத்தும் எடுத்து, இதில் முகம் எங்கே என்று தேடி, சுவரை ஒன்றிலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒட்டும்போதே அம்மாச்சியின் சுருக்கத்தில் கொஞ்சத்தைத் துடைத்து, நிறத்தையும் ஒரு சுற்று வெளுத்துவிடுகிற போன்களும் இருக்கின்றன. கேட்டுச் செய்வதில்லை. இருபது ரூபாயும் வாங்குவதில்லை.

இரண்டாவது டீ வந்தது. பேச்சு ஜல்லிக்கட்டுக்குப் போனது. பொங்கலுக்கு அவனியாபுரம், மாட்டுப்பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். மூன்று நாளும் எனக்கு வருஷம் தவறாமல் வேலை உண்டு. அடுத்த தையில் தானும் வருகிறேன் என்கிறான்.

வாடிவாசல்தான் மீட்டருக்கு வைத்த பரீட்சை. ஒரு காரி வரும், அண்டங்காக்காய்க் கறுப்பு. அடுத்து ஒரு செவலை. அதற்கடுத்து வெள்ளை. மீட்டரை நம்பி எடுத்தால் காரி சாம்பலாகும், வெள்ளையும் சாம்பலாகும். மயிலை ஒன்றுதான் பிழைக்கும். அது பிறவியிலேயே மீட்டர் கேட்கிற நிறத்தில் இருக்கிற மாடு. மாட்டுக்கு மாடு பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தால் நாலு மாடு போயிருக்கும். அதனால் வாடிவாசலில் மீட்டரையே அணைத்துவிடு. காலையில் போனதும் வெயிலில் உள்ளங்கையைப் பிடித்து ஒரு தரம் அள. ஷட்டர் ஆயிரத்தில் ஒன்றுக்குக் குறையக்கூடாது. அதை அப்படியே பூட்டிவிடு. மாடு மாறும், வெயில் மாறாது. மேகம் வந்தால் மட்டும் மறுபடி கையை நீட்டு.

பிலிம் காலத்தில் எங்களுக்கு இது இயல்பாகவே தெரியும். மீட்டர் இல்லாத கேமராவை வைத்தே பாதிப் பேர் பிழைத்தோம். பிலிம் டப்பாவோடு ஒரு காகிதம் வரும். சூரியன் படம், மேகத்துக்குள் சூரியன் படம் எல்லாம் போட்டு, எதற்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். நல்ல வெயிலில் லென்ஸ் துளையைப் பதினாறில் வை, பிலிம் நூறு என்றால் ஷட்டரை நூற்றிருபத்தைந்தில் வை. முடிந்தது. அந்தக் காகிதம் மாட்டைப் பார்க்கச் சொல்லவில்லை, வானத்தைப் பார்க்கச் சொல்லிற்று.

ஆனால் ஜல்லிக்கட்டில் எனக்குப் பிடித்த இடம் வாடிவாசல் இல்லை என்றும் சொன்னேன். அங்கே ஐம்பது கேமரா நிற்கும். எல்லாருக்கும் ஒரே படம் கிடைக்கும். களத்தைத் தாண்டி மாடு ஓடிப்போய்ச் சேருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே மாட்டுக்காரர்கள் கயிற்றை வைத்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நாலைந்து பேரைச் சிதறடித்துவிட்டு, மூக்கில் நுரை தள்ள, புழுதியும் தேங்காய் நாருமாக ஓடிவரும். இந்தப் பக்கம் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒருத்தி கயிறோடு நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு வந்து தலையைக் குனிந்து அவள் பாவாடையில் மூக்கைத் துடைக்கும். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. எந்தப் பத்திரிகையும் வாங்கவில்லை. ஜல்லிக்கட்டு மாதிரி இல்லையாம்.

மாப்பிள்ளைக்கு மலைகளை எடுக்கவும் ஆசை. யானைமலை, சமணர்மலை, அரிட்டாபட்டி என்று பைக்கில் சுற்றுகிறான். மத்தியானம் போகிறான், அங்கேதான் சிக்கல்.

கீழக்குயில்குடி சமணர்மலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். செதுக்கல் அதிக ஆழம் இல்லை. உச்சி வெயிலில் எடுத்தால் கல்லும் சிலையும் ஒன்றாகத் தட்டையாகிவிடும். பாறையை உரசிக்கொண்டு வெளிச்சம் பக்கவாட்டில் வரும்போது எடுக்கவேண்டும். அப்போது மேட்டுக்கு ஒரு நிழல், பள்ளத்துக்கு ஒரு நிழல் என்று உருவம் எழுந்து உட்காரும். வெயில் அப்படி விழாத இடம் என்றால் பொழுது சாய்ந்த பிறகு போ. ஒருவன் டார்ச்சைப் பாறையோடு பாறையாகப் பக்கத்திலிருந்து பிடிக்கட்டும். பகலில் வெறும் கீறலாகத் தெரிந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். கல்வெட்டுக்காரர்கள் ஈரக் காகிதத்தை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுப்பதும் இதற்காகத்தான்: மேடு எது, பள்ளம் எது என்று பிரிக்க. அவர்களுக்கு மை, நமக்கு நிழல்.

தூரத்து மலைக்கு நேரத்தைவிட மாதம் முக்கியம். சித்திரையில் யானைமலையை ஒத்தக்கடைப் பக்கமிருந்து எடுத்தால் புழுதிக்குப் பின்னால் ஒரு பழுப்புத் திட்டு. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மழை பெய்து காற்றைக் கழுவிவிட்ட மறுநாள் போனால் பாறையின் வெடிப்பை எண்ணலாம்.

யானைமலையை எடுத்த முதல் ஆட்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். கம்பெனி ராணுவத்துக் கேப்டன். சென்னை அரசாங்கம் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. 1858-ன் தொடக்கத்தில் மதுரைக்கு வந்து நாயக்கர் மகாலையும், தெப்பக்குளத்தையும், வைகையையும் எடுத்தார். ஆற்றுக்குக் குறுக்கே அப்போது ஒரு தரைப்பாலம்தான்; ஏ.வி. பாலம் வந்தது 1889-ல். மெழுகு ஏற்றிய காகிதத்தை நெகட்டிவாகப் பயன்படுத்தினார். அந்தக் காகிதத்துக்கு நீலம் என்றால் கொள்ளை ஆசை. நீல வானம் முழுக்க வெந்து வெறும் வெள்ளையாக விழுந்துவிடும். மனுஷன் என்ன செய்தார் என்றால், தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகம் வரைந்தார். நாங்கள் முகத்துக்குப் போட்டதை அவர் வானத்துக்குப் போட்டிருக்கிறார். இது தெரிந்த நாளிலிருந்து என் மனசு கொஞ்சம் லேசாயிற்று என்பதையும் மறைப்பானேன்.

அவர் படங்களில் இன்னொன்றும் உண்டு. ஜனமே கண்ணில் படுவது அபூர்வம். ஒரு படத்துக்குக் கேமராவை நெடுநேரம் திறந்து வைத்திருக்கவேண்டும். நடந்து போனவர்கள் யாரும் காகிதத்தில் நிற்கவில்லை. சந்தடி ஓயாத மதுரை, ஆளே இல்லாத ஊராக அந்தப் படங்களில் இருக்கிறது. பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.

"நீ எடுக்குறதும் அப்புடித்தான் இருக்கு மாப்ள," என்றேன். அவன் முகம் சுருங்கியது. அரிட்டாபட்டியில் அவன் எடுத்ததைக் காட்டினான்: செம்மஞ்சள் வானம், கீழே கறுத்த பாறை, வேறொன்றும் இல்லை. ஆடு மேய்த்தவரை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு எடுத்தானாம்.

அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அரிட்டாபட்டி வெறும் பாறை இல்லை. ஏழு மலை, 72 நீர்நிலை, 200 சுனை என்று கணக்கெடுத்து, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த இடம். ராஜாளிகள் கூடு கட்டுகிற முகடுகள். தமிழி எழுத்துள்ள குகை, குடைவரைச் சிவன் கோயில், சமணச் சிற்பம் எல்லாம் இங்கே உண்டு. இரண்டு வருஷம் கழித்து, 2024 கடைசியில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று பேச்சு எழுந்து, சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் தெருவுக்கு வந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்தது. இடைப்பட்ட நாட்களில் ஒரு சாயங்காலம் இரண்டு பேர் ஸ்டுடியோவுக்கு வந்து, மலைப் படம் இருந்தால் கொடுங்கள், பேனருக்கு வேண்டும் என்றார்கள். பெருமையாக நான் வைத்திருந்த நல்ல படங்களைத் திரையில் போட்டேன். விடியல், மூடுபனி, முழுநிலவு. எல்லாம் நின்று நிதானமாக எடுத்தது. பெரியவர் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதப் பாத்தா சும்மா கெடக்குற கல்லுன்னுல்ல நெனப்பான்? ஆளு இருக்குற படம் இல்லையா?"

தேடினேன். கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது, நான் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்று. ஒரு மத்தியானம் லென்ஸ் சரிபார்க்கத் தட்டியது. வெயில் தட்டை. வானம் வெளிறிப்போயிருக்கிறது. கண்மாய்த் தண்ணீரில் ஒரு பெண் துணி அலசுகிறாள், கரையில் பத்துப் பதினைந்து ஆடு, ஒரு டிவிஎஸ் வண்டி, அதன்மேல் புல்லுக்கட்டு, பின்னால் மலை. எனக்குத் தெரிந்த எல்லா விதிப்படியும் மோசமான படம். பெரியவர் அதில் விரலை வைத்து, சுனையிலிருந்து இறங்குகிற தண்ணீர் இந்த வழியாகத்தான் கண்மாய்க்கு வருகிறது, இதோ மடை, இதோ எங்கள் நிலம் என்று எனக்கே விளக்கினார். இருபது வருஷம் அந்த மலையை எடுத்தவன் நான். அந்தத் தண்ணீரின் வழி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. பிறகு கேமராவை எடுத்தான்.

மாஸ்டர் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நல்ல கறுப்பு; நெற்றியில் விபூதி, கழுத்தில் துண்டு. பின்னால் முழுக்க வெள்ளை டைல்ஸ் சுவர். இதைவிட வில்லங்கமான இடம் மீட்டருக்கு வேறு கிடையாது. பையன் எழுந்து போய் அவர் முகத்துக்குப் பக்கத்தில், அதே வெளிச்சத்தில், தன் உள்ளங்கையை நீட்டினான். அளந்தான். ஒரு படி கூட்டினான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றிய டீ ஒரு கம்பியாக இறங்கும்போது தட்டினான்.

திரையில் பார்த்தேன். டைல்ஸ் கொஞ்சம் வெந்திருந்தது, போகட்டும். முகம் அப்படியே இருந்தது. எண்ணெய் இறங்கிய நெற்றி, விபூதியின் மூன்று கோடு, கன்னத்து வேர்வையில் ட்யூப்லைட்டின் ஒரு சின்ன வெட்டு, டீயைத் தவிர வேறெதையும் பார்க்காத கண். பழைய நாளாக இருந்தால் நான் அந்தப் படத்தை ஸ்டுடியோ வாசலில் பெரிதாகப் போட்டு மாட்டியிருப்பேன்.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கேமராவை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அச்சு அசலா நானேதான் தம்பி. பிரமாதம்." திருப்பிக் கொடுத்தார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "இத லேசா கலராக்கிக் குடுக்க முடியுமா? மகளுக்கு அனுப்பணும். மாப்ள வீட்ல எல்லாரும் பாப்பாக."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் நாலு டீக்குச் சில்லறை தேடினேன்.